தனுஷ்கோடி ஸ்டேஷன்: புயல் எடுத்தது எது, கப்பல் எடுத்தது எது

கேள்வி இது: “இலங்கை மலையகத்தில் பிறந்த என் அப்பாயி 1970-ல் கப்பலில் வந்து தனுஷ்கோடி ஸ்டேஷனில் ரயில் ஏறியதாகச் சொல்வார். ஆனால் அந்த ஸ்டேஷன் 1964 புயலிலேயே போய்விட்டது என்று படிக்கிறேன். எது சரி? இப்போது அங்கே போனால் இடிபாடுகளில் எது ஸ்டேஷன் என்று எப்படித் தெரிந்துகொள்வது? மறுபடி ரயில் விடுவார்களா?” மூன்று கேள்விகள் இருந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது அப்பாயியின் நினைவை நம்பலாமா என்பதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். சுருக்கமான பதில்: 1970-ல் வந்திருந்தால் அவர் இறங்கியது ராமேஸ்வரம். தனுஷ்கோடிக்கு 1964 டிசம்பர் 22-க்குப் பிறகு ஒரு ரயில்கூடப் போகவில்லை. ஆனாலும் அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள அந்த ஸ்டேஷன் எதற்காகக் கட்டப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ரயில் பாதைப் பணியில் பயிற்சியும் பழக்கமும் உள்ளவன் என்ற முறையில், உறுதியாகச் சொல்லக்கூடியதையும் சந்தேகத்தோடு கேட்க வேண்டியதையும் பிரித்தே சொல்கிறேன்.

பலரும் தனுஷ்கோடியை ஒரு கிளைப் பாதையின் கடைசி ஊர் என்று நினைக்கிறார்கள். ரயில் ஓடிய ஐம்பது ஆண்டுகளில் நிலைமை அதற்கு நேர் எதிர். மதுரையிலிருந்து மண்டபம் வரை 1902-லேயே மீட்டர் கேஜ் பாதை வந்துவிட்டது. 1914 பிப்ரவரி 24-ல் பாம்பன் பாலம் திறந்ததும் பாதை கடலைத் தாண்டித் தீவுக்குள் நுழைந்தது. பாம்பன் ஸ்டேஷனில் அது இரண்டாகப் பிரிந்தது. ஒன்று வடகிழக்கே ராமேஸ்வரத்துக்கு, சுமார் 10 கி.மீ. மற்றொன்று தென்கிழக்கே மணல்திட்டின் மேல் தனுஷ்கோடிக்கு, சுமார் 24 கி.மீ. சென்னை எழும்பூரிலிருந்து கப்பலுக்கு ஆட்களைக் கொண்டுவந்த ‘போட் மெயில்’ ரயில் போனது தனுஷ்கோடிக்கு. ராமேஸ்வரம் யாத்திரிகர்களுக்கான கிளை. கோயிலைவிடக் கப்பலுக்குத்தான் சவுத் இந்தியன் ரயில்வே முன்னுரிமை கொடுத்தது. தனுஷ்கோடி ஸ்டேஷனின் பிறப்பும் முடிவும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கின்றன.

1914-க்கு முன்பு கொழும்பு போக வேண்டியவர் தூத்துக்குடி வரை ரயிலில் போய், அங்கிருந்து திறந்த கடலில் ஓர் இரவுக் கப்பல் பயணம் செய்ய வேண்டும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள கடல்வழி சுமார் 22 மைல், அதாவது 35 கி.மீ.தான். இரண்டு கரையிலும் ரயிலைக் கடல் விளிம்பு வரை கொண்டுவந்துவிட்டால் கப்பலில் இருக்க வேண்டிய நேரம் இரண்டு மூன்று மணியாகக் குறைந்துவிடும். இலங்கைப் பக்கத்திலும் மதவாச்சியிலிருந்து மன்னார் வழியாகத் தலைமன்னாருக்கு அதே 1914-ல் பாதை வந்தது. ஆதம் பாலத்தின் (ராமர் பாலம்) திட்டுகள் மேலேயே தண்டவாளம் போட்டு இரண்டு நாட்டையும் இணைக்கலாம் என்ற யோசனையும் அப்போது பேசப்பட்டது. அது நடக்கவில்லை. நடந்திருந்தாலும் வண்டி நேரே ஓடியிருக்க முடியாது. நம் பக்கத்துப் பாதை மீட்டர் கேஜ், 1,000 மி.மீ.; இலங்கையில் அகலப் பாதை, 1,676 மி.மீ. எப்படியும் ஓரிடத்தில் ஆட்களும் சரக்கும் இறங்கி ஏறியே ஆக வேண்டும். தனுஷ்கோடியும் தலைமன்னாரும் அந்த இறங்கி ஏறும் வேலைக்கென்றே கட்டப்பட்ட நிலையங்கள்.

ஆகவே அங்கே சாதாரணக் கிராமத்து ஸ்டேஷனில் இல்லாதவை எல்லாம் இருந்தன. வண்டி கப்பல் துறை வரை போகும் பாதை, சுங்கச் சோதனை, துறைமுக அலுவலகம், தபால் நிலையம், ஊழியர் குடியிருப்பு, பள்ளி, ஆஸ்பத்திரி, தேவாலயம் என்று ஒரு சிற்றூரே ரயிலையும் கப்பலையும் நம்பி எழுந்தது. கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்ற நீராவிக் கப்பல்கள் முதலில் ஓடின. பிறகு இர்வினும் கோஷனும் வந்தன. வயதானவர்கள் நினைவில் நிற்பவை பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டும்தான். எழும்பூரிலேயே கொழும்பு கோட்டை வரைக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கலாம். மாலையில் சென்னையில் ஏறியவர் மறுநாள் தனுஷ்கோடியில் கப்பல் மாறி, இரவு தலைமன்னாரில் ரயிலேறி, அடுத்த நாள் காலை கொழும்பில் இறங்குவார்.

இது டிக்கெட் வாங்கிய பயணியின் பயணம். தோட்ட வேலைக்குப் போனவர்களின் பயணம் வேறு மாதிரி. அவர்களை நேரே தனுஷ்கோடிக்கு விடமாட்டார்கள். காலரா, அம்மை, பிளேக் பயத்தால், முன்பு தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையிலும் பிறகு மண்டபத்திலும் இலங்கை அரசின் முகாமில் நாட்கணக்கில் தங்கவைத்து, அம்மை குத்தி, துணிகளைக் கொதிநீராவியில் போட்டு எடுத்த பிறகே அனுப்புவார்கள். ஊர் பெயராகவே நிலைத்துவிட்ட ‘மண்டபம் கேம்ப்’ அதுதான். உங்கள் குடும்பத்தில் முன் தலைமுறையினர் 1914-க்கும் 1939-க்கும் இடையே போயிருந்தால் ஏறக்குறைய நிச்சயமாக இந்த மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி, தலைமன்னார் வழியில்தான் போயிருப்பார்கள். அதற்கும் முந்திய தலைமுறை என்றால் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தவர்களாக இருக்கலாம்.

1939 என்று எல்லை வைத்ததற்குக் காரணம் உண்டு. அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் உடலுழைப்புத் தொழிலாளர்கள் இலங்கைக்குப் போவதை இந்திய அரசு தடை செய்தது. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் விமானம் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறக்கத் தொடங்கியது. வசதியுள்ள பயணி மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தார். 1948-ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டமும் குடிவரவுச் சட்டமும் வந்தன. அதுவரை ஊருக்குப் போய்வருவது போல நடந்துகொண்டிருந்த போக்குவரத்து, பாஸ்போர்ட்டும் விசாவும் கேட்கும் வெளிநாட்டுப் பயணமாக மாறியது. 1950-களில் தனுஷ்கோடி உயிரோடுதான் இருந்தது, கப்பல் ஓடியது, மீன் போனது, யாத்திரிகர்கள் சேதுவில் நீராடப் போனார்கள். ஆனால் 1914-ல் மனதில் வைத்துக் கட்டிய அந்தப் பெரும் போக்குவரத்து ஏற்கெனவே பாதி கரைந்துவிட்டது. புயலைப் பற்றிப் பேசும்போது இதைச் சேர்த்துப் பார்க்காவிட்டால், ஸ்டேஷனை ஏன் திரும்பக் கட்டவில்லை என்பது விளங்காது.

இனி புயல். உறுதியானவை முதலில். 1964 டிசம்பர் நடுவில் அந்தமானுக்குத் தெற்கே உருவான தாழ்வு நிலை கடும் புயலாகி, 22-ந் தேதி இலங்கையின் வடபகுதியைக் கடந்து, அன்றிரவு பாக் நீரிணை வழியாகத் தனுஷ்கோடியைத் தாக்கியது. நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து புறப்பட்ட 653 எண் பாசஞ்சர் தனுஷ்கோடியை நெருங்கும்போது கடலில் போனது. வண்டியில் இருந்தவர் எவரும் பிழைக்கவில்லை. பாம்பன் பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்கள் (தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்கள்) விழுந்தன. நடுவில் கப்பலுக்காகத் திறக்கும் ஷெர்சர் தூக்குப் பகுதி மட்டும் தப்பியது. தந்திக் கம்பியும் பாலமும் போய்விட்டதால் வண்டி போன செய்தி வெளியே வரவே இரண்டு நாள் ஆனது.

சந்தேகத்தோடு கேட்க வேண்டியவை அடுத்து. அடித்துப் போனது போட் மெயில் என்று பலர் எழுதுகிறார்கள். இல்லை, அது பாம்பனுக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடிய சிறு பாசஞ்சர். இறந்தவர்கள் 115 பேர், அதாவது 110 பயணிகளும் 5 ஊழியர்களும் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள் எந்தப் பதிவிலும் வரமாட்டார்கள் என்பதால் அதை மிகக் குறைந்த எண்ணிக்கையாகக் கொள்வதே சரி. இருநூறு வரை போகலாம் என்ற மதிப்பீடும் உண்டு. காற்றின் வேகம் 240 என்றும் 280 கி.மீ. என்றும், அலை 7 மீட்டர் என்றும் வருபவை சேதத்தைப் பார்த்துப் பின்னால் மதிப்பிட்டவை. அந்த மணல்திட்டில் நின்று அளந்தவர் யாருமில்லை.

இன்னொரு கதை உண்டு. கைகாட்டி (கை இறங்கினால் வண்டி உள்ளே வரலாம் என்று காட்டும் சிக்னல்) இறங்கவில்லை, டிரைவர் சற்றுக் காத்திருந்து, நீண்ட விசில் கொடுத்து, துணிந்து வண்டியை உள்ளே விட்டார் என்பது. வண்டியிலிருந்து ஒருவரும் உயிரோடு வராத நிலையில் டிரைவர் என்ன முடிவெடுத்தார் என்று சொல்ல யாரும் இல்லை. வேலையின் முறைப்படி பார்த்தாலும் இதை அப்படியே ஏற்க முடியாது. அக்காலத்துக் கைகாட்டி கம்பி இழுவையில் இயங்குவது. கம்பி அறுந்தால் கை தானாகவே ‘நில்’ நிலைக்கு வரும். உள்ளே எரிவது மண்ணெண்ணெய் விளக்கு. அந்தக் காற்றில் அது நிற்காது. விளக்கு அணைந்த கைகாட்டியையும் டிரைவர் ‘நில்’ என்றே கொள்ள வேண்டும். அதைத் தாண்ட வேண்டுமானால் ஸ்டேஷன் மாஸ்டரின் எழுத்து மூலமான அனுமதியை ஒருவர் நடந்து கொண்டுவந்து கையில் தர வேண்டும். அந்த இரவில் அது நடக்கக்கூடியதல்ல. ஆகவே வண்டி கைகாட்டிக்கு வெளியே நின்றபடியே வெள்ளத்தில் சிக்கியிருக்கவும் சம அளவு வாய்ப்பு உண்டு. இறந்துபோன ஒரு தொழிலாளி மீது “துணிந்து விட்டார்” என்ற பழியையோ புகழையோ ஆதாரமின்றி ஏற்றுவது எனக்குச் சம்மதமில்லை.

நின்றிருந்தாலும் ஓடியிருந்தாலும் அவர்கள் தப்பியிருக்க முடியாது. ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 240 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டர் சுவரை ஏறக்குறைய 275 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். மீட்டர் கேஜ் பெட்டி ஒன்றின் பக்கவாட்டை 17 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் உயரம் என்று வைத்தால் சுமார் 42 சதுர மீட்டர். மொத்தத் தள்ளுதல் பதினொன்றரை டன். அது தண்டவாளத்துக்கு 2 மீட்டர் மேலே விழுவதால் கவிழ்க்கும் திறன் 23 டன்-மீட்டர். பெட்டியை நிமிர்த்தி நிறுத்துவது அதன் எடையும் பாதி கேஜ் அகலமும்தான்: 25 டன், அரை மீட்டர், ஆகப் பன்னிரண்டரை. மணிக்கு 180 கி.மீ. அளவிலேயே பெட்டி சாயத் தொடங்கிவிடும். குறுகிய கேஜின் பலவீனம் இது. இதோடு கடல் மேலேறினால் நிலைமை இன்னும் மோசம். பாதை நின்றது மணல் மேட்டில். தண்ணீர் ஒரு பக்கமிருந்து மறு பக்கம் பாயும்போது முதலில் ஜல்லி போகும், அடுத்து அடியிலுள்ள மணல் போகும், கட்டைகளோடு தண்டவாளம் ஏணி போல அந்தரத்தில் தொங்கும். வண்டி அதன் மேல் நிற்பதற்கு ஒன்றுமே இருக்காது. பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் வண்டியை அனுமதிக்காமல் நிறுத்தும் ஏற்பாடு ஏன் இருந்தது என்பதும் இந்தக் கணக்கில் தெரியும்.

சரி, ஏன் திரும்பக் கட்டவில்லை? பணமோ திறமையோ இல்லாததால் அல்ல. அதே புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை, இ. ஸ்ரீதரன் பொறுப்பில், கடலில் விழுந்த கர்டர்களையே தேடி எடுத்துப் பொருத்தி 46 நாளில் மீட்டார்கள். பாலத்தை மீட்டவர்களுக்கு 24 கி.மீ. மணல் பாதை பெரிய வேலையாக இருந்திருக்காது. ஆனால் பாலம் இல்லாவிட்டால் ராமேஸ்வரமே துண்டிக்கப்படும். தனுஷ்கோடிப் பாதை இல்லாவிட்டால் கப்பலை ராமேஸ்வரத்துக்கு மாற்றிக்கொண்டால் போதும். அப்படித்தான் செய்தார்கள். ஊரே வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்துவிட்டது, கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடத் தொடங்கியது, போட் மெயிலும் ராமேஸ்வரத்தோடு நின்றது. கிளையாக இருந்த ராமேஸ்வரம் பாதை முதன்மையானது. முதன்மையாக இருந்த தனுஷ்கோடிப் பாதை கைவிடப்பட்டது. தண்டவாளத்தை எடுத்தது புயல். ஸ்டேஷனை நிரந்தரமாக மூடியது, கப்பல் இடம் மாறியதுதான் என்பது என் முடிவு.

இப்போது உங்கள் அப்பாயி. புயலுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பு, 1964 அக்டோபர் 30-ல், சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்பது அதன் சாரம். அந்த மீதியைத்தான் 1974-ல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியோர் பெருமளவில் வரத் தொடங்கும்போது தனுஷ்கோடியில் ஸ்டேஷன் இல்லை. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிவந்த ரயிலுக்கு, வழியனுப்பியவர்களின் அழுகையை வைத்து ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயர். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கிப் பிறகு ஊர்களுக்குப் பிரிந்தார்கள். பின்னாளில் ஓடிய கப்பலின் பெயர் ராமானுஜம். 1980-களின் முற்பகுதியில் இலங்கைக் கலவரச் சூழலில் அந்தச் சேவையும் நின்றது.

ஆகவே 1970 என்பது சரியென்றால் இறங்கியது ராமேஸ்வரம். அப்பாயி தவறாகச் சொல்கிறார் என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். தோட்டத்துக் குடும்பங்களில் அரை நூற்றாண்டாக ‘அக்கரை’ என்றால் தனுஷ்கோடி. துறை மாறினாலும் பேச்சில் பெயர் மாறியிருக்காது. அல்லது சிறுவயதில், 1964-க்கு முன்பு, கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ ஊருக்கு வந்தபோது பார்த்த தனுஷ்கோடியும், 1970-ல் பார்த்த ராமேஸ்வரமும் நினைவில் ஒன்றாகக் கலந்திருக்கலாம். பிரித்து அறிய ஒரு வழி சொல்கிறேன். கப்பலிலிருந்து இறங்கியதும் பக்கத்திலேயே ரயில் நின்றதா, இல்லை நடந்தோ வண்டியிலோ ஸ்டேஷனுக்குப் போனார்களா என்று கேளுங்கள். கோயில் கோபுரம் கண்ணில் பட்டதா என்றும் கேளுங்கள். தனுஷ்கோடியிலிருந்து ராமேஸ்வரம் கோயில் 18 கி.மீ. தள்ளி இருக்கிறது, ராமேஸ்வரத்தில் இறங்கியவர் கோபுரத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. பிறகு காகிதங்கள்: பாஸ்போர்ட்டில் வந்திறங்கிய முத்திரை, தாயகம் திரும்பியோருக்குத் தந்த குடும்ப அட்டை. இரண்டில் ஒன்று கிடைத்தாலும் தேதியை நிலைநாட்டிவிடலாம். கடன் அட்டைகளோடும் ரேஷன் கார்டோடும் சேர்த்து டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருப்பார்கள். பழைய காகிதம் என்று எதையும் எறிந்துவிட வேண்டாம்.

இடிபாடுகளில் ஸ்டேஷனைக் காண்பது பற்றி. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-ல் திறந்த தார்ச் சாலையில் போனால் பழைய ஊர் வழியில் வரும். எல்லோரும் படம் எடுக்கும், வளைவோடு கூடிய உயரமான பவளக்கல் சுவர் தேவாலயம். அதை ஸ்டேஷன் என்று தலைப்பிட்டு நூற்றுக்கணக்கான படங்கள் சுற்றுகின்றன. ஸ்டேஷனைத் தேடும்போது கட்டடத்தின் அழகைப் பார்க்காதீர்கள், திசையைப் பாருங்கள். பாதை மணல்திட்டின் நீளவாக்கில், வடமேற்கிலிருந்து தென்கிழக்காக வந்தது. ஸ்டேஷன் கட்டடமும் பிளாட்பாரச் சுவரும் அதற்கு இணையாக நீண்டும், குறுக்கே ஒடுங்கியும் இருக்கும். நீராவி எஞ்சின் காலத்துக் கடைசி நிலையத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் தரும் உயரமான தொட்டியும், சாம்பல் தட்டும் குழியும், எஞ்சினைத் திருப்ப வட்ட மேடையோ முக்கோணப் பாதையோ இல்லாமல் வேலை நடக்காது. உயர்ந்த தூண்கள் மேல் கனமான மேடை தாங்கி நிற்கும் கட்டுமானத்தைக் கண்டால் அது தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து பாதையின் போக்கைப் பிடித்துக்கொள்ளலாம்.

வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு, போவதற்கு முன் அதைச் செய்யுங்கள். புயலுக்கு முந்திய நில அளவை வரைபடம் வேண்டும். இந்திய சர்வே துறையின் பழைய ஓரங்குலத் தாள்களில் (ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டுபவை) இந்தப் பகுதி 58 ஓ தொகுதியில் வரும். அமெரிக்க ராணுவ வரைபடத் துறை 1950-களில் போட்ட இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு அளவுத் தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றிலும் பாதை இருக்கிறது. அந்தத் தாளை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தும்போதுதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். பழைய தாள்கள் ‘எவரெஸ்ட்’ என்ற பழைய பூமி வடிவக் கணக்கில் வரைந்தவை. செல்பேசி காட்டும் இடக்குறி வேறு கணக்கு. திருத்தாமல் ஏற்றினால் நூறு, இருநூறு மீட்டர் விலகும். மற்ற இடங்களில் இது பெரிய தவறல்ல. அகலம் குறைந்த இந்தத் திட்டில் ஸ்டேஷன் கடலுக்குள் போய் நிற்கும். அதை வைத்து ‘ஸ்டேஷன் கடலுக்கடியில் இருக்கிறது’ என்று எழுதியவர்களும் உண்டு. கடற்கரைக் கோட்டை வைத்துப் பொருத்தக் கூடாது, அது நகர்ந்துவிட்டது. பாம்பன் பாலத்தின் இரு முனைகளையும் ராமேஸ்வரம் கோபுரத்தையும் பிடித்துப் பொருத்துங்கள்.

தரையில் துண்டுகள் கிடைத்தால் அவையும் பேசும். மீட்டர் கேஜ் கட்டையின் வழக்கமான அளவு 6 அடி நீளம், 8 அங்குல அகலம், நாலரை அங்குலக் கனம். 9 அடி இருந்தால் அது அகலப் பாதைக் கட்டை, வேறெங்கிருந்தோ வந்தது. வேலிக்கோ குடிசைக்கோ நட்டிருக்கும் தண்டவாளத் துண்டில், நடுத்தகட்டின் பக்கவாட்டை மெல்லத் துடைத்துப் பாருங்கள். உருட்டிய ஆலை, கெஜத்துக்கு எத்தனை பவுண்டு, எந்த ஆண்டு என்பது புடைப்பு எழுத்தாக இருக்கும். அந்த ஆண்டு தண்டவாளம் செய்த ஆண்டுதானே தவிர, பாதை போட்ட ஆண்டு அல்ல. பழைய தண்டவாளத்தைப் பெரிய பாதையில் எடுத்துச் சின்னப் பாதையில் போடுவது ரயில்வேயின் நெடுநாள் வழக்கம். பார்த்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள், கல்லையோ இரும்பையோ எடுத்து வராதீர்கள். மிஞ்சியிருப்பது ஆண்டுக்காண்டு குறைகிறது.

மறுபடி ரயில் வருமா என்பதற்கு, 2019 மார்ச் 1-ல் புதிய பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். அது பழைய பாதையின் மறுபிறப்பு அல்ல என்பதைக் கவனியுங்கள். பழையது பாம்பனிலிருந்து நேரே போனது. புதிய திட்டம் ராமேஸ்வரத்திலிருந்து அகலப் பாதையாகப் போவது, சுமார் 17 கி.மீ. நிலமும் சுற்றுச்சூழலும் குறித்த எதிர்ப்புகளால் அது நகரவில்லை. பொறியியல் தடைகள் தீர்க்கக்கூடியவைதான், ஆனால் பாதை போட்டதோடு செலவு முடியாது. காற்று அள்ளிவரும் மணல் ஜல்லியின் இடுக்குகளை நிரப்பி இறுகச் செய்துவிடும். ஜல்லியின் துள்ளலும் வடிகாலும் போய், வண்டியின் அடி நேரே தண்டவாளத்திலும் கட்டையிலும் விழும். பாயின்ட் நாக்குகளுக்கு (வண்டியைப் பாதை மாற்றும் நகரும் தண்டவாள முனைகள்) இடையே மணல் புகுந்தால் அவை சேராது, சிக்னல் கிடைக்காது. உப்புக் காற்று தண்டவாளத்தின் அடிப்பாகத்தை, அதைக் கட்டையோடு பிணைக்கும் கிளிப்பும் லைனரும் உட்காரும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாமல் தின்னும். விரிசல் அங்கிருந்தே தொடங்கும். ஆண்டு முழுவதும் ஆள் போட்டு மணல் அள்ளி, எண்ணெய் பூசி, தண்டவாளத்தை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மறுமுனையில் கப்பல் இருந்த காலத்தில் அதற்கு வருமானம் இருந்தது. காலையில் போய் மாலையில் திரும்பும் சுற்றுலாப் பயணியை மட்டும் நம்பிப் போட்டால் இந்தப் பராமரிப்பைத் தாங்காது என்பதே என் கருத்து. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாம்பன் பாலத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ராமேஸ்வரம் வரைக்குமான பாதைக்கு.

அக்கரையில் நிலைமை வேறு. போரால் 1990-ல் நின்ற தலைமன்னார்ப் பாதையை இந்தியக் கடனுதவியோடு திரும்பப் போட்டு, தலைமன்னார் துறை ஸ்டேஷனை 2015 மார்ச் 14-ல் திறந்துவிட்டார்கள். அப்பாயி 1970-ல் ஒப்பாரிக் கோச்சியில் வந்து இறங்கிய ஸ்டேஷன் அந்தத் துறைதான், மதவாச்சி வழியாகக் கொழும்பு கோட்டையிலிருந்து இப்போதும் அங்கே ரயிலில் போகலாம். அவரை அழைத்துப் போகும் எண்ணம் இருந்தால் தனுஷ்கோடிக்கு முன் அங்கே போவதைப் பற்றி யோசியுங்கள். போகாவிட்டாலும், அந்தத் துறையின் படமொன்றையும் ராமேஸ்வரத்தின் பழைய படமொன்றையும் அவர் முன்னால் வைத்து, கப்பலிலிருந்து இறங்கியதும் முதலில் என்ன பார்த்தார் என்று கேட்டு, அவர் சொல்வதைச் செல்பேசியில் பதிவு செய்துவிடுங்கள்.